முப்பதைத் தாண்டியபின் குங்ஃபூ: ஐந்து பாதைகளும் அவற்றின் நடுவழியும்

"எனக்கு 38 வயது. பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை. இப்போதுதான் கொஞ்சம் நேரம் கிடைத்திருக்கிறது. தாய் சி சேர்வதா, விங் சுன் சேர்வதா, ஷாவோலின் சேர்வதா?" வயது மட்டும் மாறி மாறி, இந்தக் கேள்வி என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று வகுப்புகளை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். எல்லாமே பிடித்திருந்தது என்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் மூன்று மாதம் எந்தப் பாணியும் பிடிக்கும். நிற்கச் சொல்லித் தருவார்கள், குத்தச் சொல்லித் தருவார்கள், நன்றாக வியர்க்கும், இரவில் நல்ல தூக்கம் வரும். பாணிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு இரண்டாம் ஆண்டில்தான் முகம் காட்டும். புதுமை தீர்ந்திருக்கும். தேர்ச்சியோ கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கும். அதே அசைவை ஐந்நூறாவது முறை செய்துகொண்டிருப்பீர்கள். வேலை, குடும்பம், உடம்பு எல்லாம் சேர்ந்து இழுக்கும். வயது வந்தபின் தொடங்கியவர்கள் கழன்றுகொள்வதை நான் அந்த இடத்தில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த ஒப்பீட்டில் ஒரே ஒரு கேள்வியைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்: ஒவ்வொரு பாணியும் அதன் நடுவழியில் உங்களிடம் எதைக் கேட்கும், அதைக் கொடுக்க உங்களிடம் இருக்கிறதா?

தாமதமாகத் தொடங்கிவிட்டோமே என்று வருந்துகிறவர்களுக்கு முதலில் இரண்டு செய்திகள். விங் சுன்னை உலகறியச் செய்த இப் மான் (1893–1972) ஹாங்காங்கில் 1950இல் பாடம் சொல்லத் தொடங்கியபோது, அவருடைய முதல் மாணவர்கள் உணவக ஊழியர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். வேலை முடித்துவிட்டுக் கற்க வந்த உழைப்பாளிகள். இரண்டாவது, சன் லூடாங். ஷிங்யி, பாகுவா என்ற இரு சீனச் சண்டைப் பாணிகளிலும் அவர் பெயர் பெற்றவர். ஏறத்தாழ ஐம்பது வயதில்தான் தாய் சி கற்றார். கற்றதோடு நிற்காமல் தன் பெயரிலேயே ஒரு தாய் சி மரபையும் உருவாக்கினார். சீன மொழியில் 'குங்ஃபூ' என்ற சொல்லுக்கே சண்டை என்று பொருள் கிடையாது. காலமும் உழைப்பும் கொடுத்துக் கைவரப் பெற்ற திறமை என்றுதான் பொருள். நன்றாகச் சமைப்பவரிடமும் குங்ஃபூ உண்டு என்பார்கள்.

## எதை வைத்து அளப்பது

மூட்டுகள். வயது வந்தவரின் உடம்பில் தசை சீக்கிரம் பலம் பெறும். சில வாரங்களிலேயே வேறுபாடு தெரியும். தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களும், மூட்டுகளைக் கட்டியிருக்கும் நார்களும் அப்படியல்ல. அவை மாதக்கணக்கில்தான் பழகும். "இப்போது என்னால் முடிகிறதே" என்று தசை சொல்வதை நம்பி மேலே போனால், மூன்றாம் மாதத்தில் முழங்காலோ தோளோ நின்றுவிடும். ஆகவே ஒரு பாணி முழங்கால், இடுப்பு, தொடைப் பின்தசை ஆகியவற்றின்மேல் எவ்வளவு பாரம் ஏற்றுகிறது என்பதே முதல் அளவுகோல்.

துணை. சில பாணிகளை வீட்டு மொட்டைமாடியில் தனியாகவே வெகுதூரம் கொண்டுபோகலாம். சிலவற்றில் எதிரே ஒரு ஆள் இல்லாவிட்டால் ஒன்றுமே நகராது. வாரம் ஒருநாள்தான் வகுப்புக்குப் போக முடியும் என்றால் இது பெரிய விஷயம்.

நடுவழி. மேலே சொன்னதுதான். ஏறத்தாழ இரண்டாம் ஆண்டு முதல் ஐந்தாம் ஆண்டு வரை.

மறைந்திருக்கும் செலவு. கட்டணம் கண்ணுக்குத் தெரியும். காயத்தால் போகும் வேலைநாட்கள், மாற்றி மாற்றி வாங்கும் கவசங்கள், தவறாகப் பழகியதை அழித்துத் திரும்பப் பழகும் மாதங்கள் ஆகியவை சேரும்போது யாரும் சொல்லாதவை.

தற்காப்புக்கு எது சிறந்தது என்ற கேள்வியை நான் தனி அளவுகோலாக வைக்கவில்லை. எதிர்க்கிற ஆளோடு, அவர் ஒத்துழைக்காதபோது, அழுத்தத்தில் பயிற்சி செய்கிறீர்களா என்பதுதான் அதைத் தீர்மானிக்கும். அது பாணியின் பெயரைவிட வகுப்பைப் பொறுத்தது.

| பாணி | உடம்பில் எங்கே பாரம் | துணை தேவையா | நடுவழி கேட்பது | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| தாய் சி | முழங்கால் (திருப்பும்போது) | தொடக்கத்தில் வேண்டாம், பிறகு கட்டாயம் | கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றத்தில் நம்பிக்கை | தினமும் 20 நிமிடம் தனியாகக் கிடைப்பவர், 50 தாண்டியவர் |
| விங் சுன் | தோள், முன்கை, மணிக்கட்டு | எப்போதும் | வாரம் இரண்டு முறையாவது எதிரே ஒரு ஆள் | இடம் குறைவு, நிலையான நட்பு வட்டம் உள்ளவர் |
| ஹங் கார் | தொடை, முழங்கால் | நடுவில்தான் | தாழ்ந்த நிலைகளும் நீண்ட அசைவுத் தொடர்களின் நினைவும் | வலிமையும் மரபும் விரும்புபவர் |
| வடக்கு ஷாவோலின், நீள்வீச்சுப் பாணிகள் | தொடைப் பின்தசை, கணுக்கால் | குறைவு | இடைவிடாத நெகிழ்வுப் பயிற்சி | முன்பே விளையாட்டு, நடனம் பழகியவர் |
| சான்டா | தலை, கணைக்கால், விலா | எப்போதும் | அடிவாங்கத் தயாரான மனம், ஓய்வு நாட்கள் | உண்மையில் மோதிப் பார்க்க விரும்புபவர் |

## தாய் சி

தாய் சி என்றதும் பூங்காவில் மெதுவாகக் கையசைக்கும் முதியவர்கள்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறார்கள். ஹெனான் மாகாணத்தில் உள்ள சென்ஜியாகோ கிராமத்தின் சென் குடும்பப் பாணியைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணம் மாறிவிடும். மெதுவான அசைவுகளுக்கு நடுவே திடீரென வெடிக்கும் குத்துகள் உண்டு. இரண்டாவது தொடருக்குப் பெயரே 'பீரங்கிக் குத்து'. அந்தக் கிராமத்தில் கற்ற யாங் லூசான் வழியாக 19ஆம் நூற்றாண்டில் யாங் பாணி பரவியது. இன்று உலகில் அதிகம் பேர் பழகும் 24 அசைவுத் தொடர் அந்த யாங் பாணியைச் சுருக்கி, சீன அரசின் விளையாட்டுத் துறை 1956இல் அமைத்தது. செய்து முடிக்க ஐந்தாறு நிமிடம் போதும். வயது வந்து தொடங்குகிறவருக்கு இது நல்ல நுழைவாயில்.

இதன் பெரிய பலம், தனியாகவே செய்யலாம் என்பது. பாய் விரிக்கும் அளவு இடம் போதும். கருவி வேண்டாம், உடை மாற்றக்கூட வேண்டாம். சமநிலைக்கு இது உதவுகிறது என்பதற்கு மருத்துவச் சான்றும் உண்டு. பார்க்கின்சன் நோயாளிகளின் உடல்நிலைப்பாடு தாய் சியால் மேம்பட்டதை, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் 2012இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

மூட்டுக்கு நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள். அதில் ஒரு நிபந்தனை உண்டு. பாரம் தாங்கி நிற்கும் காலை அப்படியே வைத்துக்கொண்டு இடுப்பைத் திருப்பினால், திருகல் முழுவதும் முழங்காலில் இறங்கும். மெதுவாகச் செய்வதால் அந்தத் திருகல் இன்னும் அதிக நேரம் நிற்கும். முழங்கால் எப்போதும் பாதவிரல்களின் திசையிலேயே பார்க்க வேண்டும். இதை முதல் மாதத்திலேயே சொல்லித்தராத மாஸ்டரிடம் ஆறு மாதம் பழகினால் முழங்கால் வலியோடுதான் வெளியே வருவீர்கள். ஏற்கெனவே முழங்கால் தொல்லை இருந்தால் சன் பாணியைத் தேடிப் பாருங்கள். அதில் நிலைகள் உயரமானவை. ஒரு கால் போனதும் மற்றது பின்தொடர்ந்து வந்துவிடுவதால் ஒற்றைக்காலில் பாரம் தங்குவதில்லை.

நடுவழி இங்கே மிக அமைதியாக வரும், அதனாலேயே ஆபத்தானது. தொடரை முழுக்க மனப்பாடம் செய்தாகிவிட்டது. இனி என்ன? இனிதான் எல்லாமே. அதே தொடரை மாஸ்டர் திருத்துவார். தோளைத் தளர்த்தச் சொல்வார். அடுத்த ஆண்டும் அதையே சொல்வார். முன்னேற்றம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது, எதிரே நின்று தள்ளிப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். இந்த இடத்தில் 'தள்ளும் கைகள்' என்ற இருவர் பயிற்சி தொடங்கியே ஆக வேண்டும். தொடங்காவிட்டால் உங்களிடம் இருப்பது நல்ல உடற்பயிற்சி. அதில் குறையொன்றும் இல்லை, ஆனால் குங்ஃபூ கற்க வந்தவர் அதைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ள வேண்டும். பல வகுப்புகள் அதுவரை போவதே இல்லை. தாய் சியின் மறைந்திருக்கும் செலவு இதுதான். மூன்று வருடம் கழித்து, சண்டைப் பகுதி சொல்லித்தர ஆளில்லை என்று கண்டுபிடிப்பீர்கள். சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

## விங் சுன்

பாடத்திட்டம் சின்னது. நீண்ட தொடர்களை நினைவில் வைக்கத் தயங்குகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். வெறுங்கைத் தொடர்கள் மூன்றே மூன்று: 'சிறு எண்ணம்' என்று பொருள்படும் சியூ நிம் தாவ், 'பாலம் தேடுதல்' என்ற சம் கியூ, 'பாயும் விரல்கள்' என்ற பியூ ஜீ. பிறகு மரப்பொம்மைத் தொடர். கடைசியாக நீள்கோலும் இரட்டைக் கத்தியும். ஆயுதம் உட்பட மொத்தம் ஆறு. உயரத்தில் உதைக்க வேண்டாம், குதிக்க வேண்டாம், தரையோடு தாழ வேண்டாம். முதல் தொடரில் கால் அசைவதே இல்லை. நாற்பது வயதில் இடுப்பு இறுகிப்போனவர்களும் முதல் நாளிலிருந்தே முழுப் பாடத்தில் பங்கெடுக்கலாம்.

நான் அதிகக் காலம் பழகியது இதைத்தான். அதனால் இதன் குறையைச் சொல்லும் கடமையும் எனக்கு அதிகம்.

விங் சுன்னின் உயிர் சி சாவ், அதாவது 'ஒட்டும் கைகள்'. இருவர் முன்கைகளை ஒட்டவைத்து உருட்டிக்கொண்டே, எதிராளியின் அழுத்தம் எங்கே குறைகிறது என்று தோலால் உணர்ந்து உள்ளே புகுவது. இரண்டாம் ஆண்டில் இது கைவரத் தொடங்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை. கண்ணை மூடிக்கொண்டும் செய்ய முடியும். நடுவழியைத் தாண்ட வைப்பதும் அந்த மகிழ்ச்சிதான், ஏனென்றால் ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒன்று புதிதாகப் புரியும். அதுவே பொறியாகவும் மாறும். சி சாவ் ஓர் உணர்வுப் பயிற்சி, சண்டை அல்ல. தூரத்தில் நிற்கிற ஆள் கையை ஒட்ட விடாமல் வளைத்து ஒரு குத்து விடும்போது என்ன செய்வது என்று அது சொல்லித்தராது. ஐந்து வருடம் பழகிய ஒருவர், குத்துச்சண்டை பழகி ஆறே மாதமான நண்பரிடம் மூக்கில் வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். அவர் கற்றது பொய்யில்லை. அந்தத் தூரத்தில் அவர் ஒருநாளும் நின்றதில்லை, அவ்வளவுதான். கையுறை மாட்டி ஸ்பாரிங் (துணையோடு மோதிப் பார்க்கும் பயிற்சி) செய்யும் விங் சுன் வகுப்பு கிடைத்தால் கொஞ்சம் தூரமானாலும் அங்கேயே போங்கள்.

இன்னொன்று துணை. வாரம் இருமுறையாவது எதிரே ஒருவர் வேண்டும். வேலைக்காக ஊர் மாறினால் பயிற்சி அப்படியே நின்றுபோகும். பரம்பரைச் சண்டைகளும் இங்கே அதிகம். யாருடைய மாணவரின் மாணவர் அசல் என்ற வாதத்தில் மனம் கசந்து வெளியேறியவர்கள் உண்டு. ஒரு பள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் முதல் தொடரிலிருந்தே திருத்துவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

உடம்பைப் பொறுத்தவரை, தொடக்க நிலையில் முழங்கால்களை உள்நோக்கி இறுக்கி நிற்கச் சொல்வார்கள். ஆட்டைத் தொடைகளுக்கு நடுவே இறுக்குவது போல. இறுக்கம் இடுப்பிலிருந்தும் தொடையிலிருந்தும் வர வேண்டும். முழங்காலை மட்டும் உள்ளே மடக்கினால் உள்பக்க நார் வலிக்கும். மற்றபடி முன்கைகளில் நீலம் பாரிக்கும், சில மாதங்களில் பழகிவிடும்.

## ஹங் கார்

தெற்குச் சீனத்தின் குவாங்டாங் மாகாணத்தில் வேரூன்றிய பாணி. ஃபோஷானைச் சேர்ந்த வோங் ஃபெய் ஹங் இதன் புகழ்பெற்ற ஆசான், எலும்பு முறிவு வைத்தியரும்கூட. தரையில் ஊன்றிய தாழ்ந்த நிலை, இறுகிய முன்கை, புலியின் நகமும் கொக்கின் அலகும் கலந்த கைகள். பார்க்கும்போதே வலிமை தெரியும். தொடர்கள் நீளமானவை. புலியை அடக்கும் தொடர், புலி-கொக்குத் தொடர், ஐந்து விலங்குத் தொடர், கடைசியில் இரும்புக் கம்பித் தொடர்.

நான் முதலில் சேர்ந்தது ஹங் காரில், 33 வயதில். குதிரைமேல் உட்கார்ந்தது போலக் கால்களை அகட்டி, முழங்கால் மடக்கி நிற்கும் குதிரை நிலையில் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதே அங்கே மரியாதை. இருபது வயதுக்காரர்கள் ஐந்து நிமிடம் நின்றார்கள், நானும் நின்றேன். தொடை தாங்கியது. முழங்கால் தாங்கவில்லை. ஐந்தாம் மாதம் படி இறங்கும்போது வலி. இயன்முறை மருத்துவர் நிற்கும் விதத்தைப் பார்த்துவிட்டு, களைப்பு வந்ததும் என் முழங்கால்கள் உள்ளே சரிவதைக் காட்டினார். நான்கு மாதம் ஓய்வு. அந்த நான்கு மாதத்தைத்தான் மறைந்திருக்கும் செலவு என்கிறேன்.

இப்போது யோசித்தால் பாணியின்மேல் குற்றமில்லை. உயரமான குதிரை நிலையில் முப்பது நொடி, முழங்கால் விரல்களின் திசையில், உருக்குலைந்ததும் எழுந்துவிடுவது, மாதத்துக்கு ஒரு விரற்கடை மட்டும் தாழ்வது என்று போயிருந்தால் இன்றும் அங்கேயே இருந்திருப்பேன். "உங்கள் உயரத்தில் நில்லுங்கள்" என்று சொல்லக்கூடிய மாஸ்டர் இருந்தால், வயது வந்தவருக்கு ஹங் கார் அருமையான தேர்வு. கால்வலிமையும் எலும்புத் திண்மையும் குறையத் தொடங்கும் வயதில், பாரம் தாங்கும் பயிற்சி உடம்புக்குத் தேவை. இந்தப் பாணி அதைத் தாராளமாகத் தருகிறது.

நடுவழியில் இது நினைவாற்றலைக் கேட்கும். நீண்ட தொடர்களைத் தினமும் ஓட்டிப் பார்க்காவிட்டால் கரைந்துபோகும். தொடரைக் கற்பதிலேயே வருடங்கள் போய், அதற்குள் ஒளிந்திருக்கும் பிடியும் முறிப்பும் எதற்கு என்று தெரியாமலேயே இருப்பதும் நடக்கும். ஒவ்வொரு அசைவையும் ஆளை வைத்துச் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். இரும்புக் கம்பித் தொடர் மூச்சை அடக்கி, குரல் எழுப்பி, உடம்பை இறுக்கிச் செய்வது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் பேசாமல் அதைத் தொடக் கூடாது.

## வடக்கு ஷாவோலினும் நீள்வீச்சுப் பாணிகளும்

தமிழ் வாசகர்களுக்கு ஷாவோலின் கோயில்மேல் தனிப் பாசம் உண்டு. போதிதர்மர் இங்கிருந்து போய்த்தான் அந்தக் கோயில் துறவிகளுக்குச் சண்டை சொல்லிக்கொடுத்தார் என்று கேட்டே வளர்ந்திருக்கிறோம். தென்னிந்தியாவிலிருந்து போன துறவி என்பது பழைய மரபுச் செய்திகளில் உண்டு. ஆனால் அவரைப் பயிற்சிக் கலையோடு இணைக்கும் கதை, 1624இல் எழுதப்பட்டதாகக் கருதப்படும் 'தசைநாண் மாற்றும் நூல்' வழியாகவே பரவியது என்பதுதான் வரலாற்றாய்வாளர்கள் பலரின் முடிவு. பெருமைக்காக ஒரு பாணியைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பெருமை இரண்டாம் ஆண்டுவரை தாங்காது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். கோயில் சோங்ஷான் மலையில் 495இல் எழுந்தது. 1928இல் போர்ப்படை ஒன்றால் எரிக்கப்பட்டது. இன்றைக்கு நாம் பார்ப்பது அந்த அழிவுக்குப் பின் மீண்டெழுந்த மரபு.

வடக்குப் பாணிகளின் அழகு விரிவில் இருக்கிறது. நீண்ட அடி, உயர்ந்த உதை, பாய்ச்சல். வயது வந்தவருக்கு இதில்தான் தொடைப் பின்தசை கிழியும் ஆபத்து அதிகம். உடம்பு சூடேறும் முன் உயர உதைப்பதால் வருவது அது. ஒருமுறை கிழிந்தால் திரும்பத் திரும்ப வரும். தினம் பதினைந்து நிமிடம் நெகிழ்வுப் பயிற்சி செய்ய முடியாது என்றால் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்பதே என் கருத்து. வாரம் இருமுறை வகுப்பில் மட்டும் உடம்பை வளைத்தால், கிடைத்த நெகிழ்வைவிட இழந்தது அதிகமாக இருக்கும்.

ஆனாலும் இங்கே ஒரு நல்ல கதவு திறந்திருக்கிறது: தான் துய். பத்து அல்லது பன்னிரண்டு சின்னச் சின்ன வரிசைகள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று அசைவு, அதையே வலமும் இடமுமாகத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டு நேர்கோட்டில் போக வேண்டும். உதை இடுப்புக்குக் கீழேயே இருக்கலாம். ஷாங்காயில் 1910இல் தொடங்கப்பட்ட ஜிங்வு சங்கம், நகரத்துச் சாதாரண மக்களுக்குக் குங்ஃபூவைத் திறந்துவிட்டபோது அடிப்படைப் பாடமாக வைத்தது இதைத்தான். நடுவழி அலுப்புக்கு இது நல்ல மருந்து. மாதம் ஒரு வரிசை முடிகிறது என்ற நிறைவு கிடைக்கும்.

நவீன வூஷு என்ற போட்டி வடிவமும் இதே குடும்பம்தான். சுழன்று தாவி இறங்குவதற்கு மதிப்பெண் தரும் அந்த வடிவம் சிறுவயதிலேயே தொடங்கியவர்களின் உடம்புக்கானது. ரசிப்பதற்கு அதைவிட அழகானது இல்லை.

## சான்டா

சீனாவின் நவீன மோதல் விளையாட்டு. குத்து, உதை, தூக்கி எறிதல் மூன்றும் உண்டு. எட்டு மீட்டர் சதுர மேடையில், இரண்டு நிமிடச் சுற்றுகள், மூன்றில் இரண்டு வென்றால் வெற்றி. மேடையிலிருந்து எதிராளியைக் கீழே தள்ளினாலும் புள்ளி.

என் கண்ணில் இதன் பெருமை, பொய் சொல்ல முடியாது என்பது. ஓராண்டில் உங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று துல்லியமாகத் தெரிந்துவிடும். முன்னேற்றம் கண்கூடு, அதனால் நடுவழி அலுப்பு கிட்டத்தட்ட இல்லை. உடம்பின் தேய்மானம்தான் இங்கே நடுவழி. 25 வயதில் இரண்டு நாளில் ஆறும் கணைக்கால் வீக்கம் 40இல் பத்து நாள் எடுக்கும். பற்கவசம், கணைக்கால் கவசம், கையுறை, தலைக்கவசம் எல்லாம் தேய்ந்து தேய்ந்து மாற்ற வேண்டியவை. தலைக்கவசம் வெட்டுக்காயத்தைத் தடுக்கும், மூளை குலுங்குவதைத் தடுக்காது. தலையில் அடிபட்டு மயக்கம், வாந்தி, குழப்பம் வந்தால் மருத்துவர் சொல்லும்வரை திரும்ப வரக் கூடாது.

போட்டிக்குப் போகாமல் சான்டா பழகலாமா? தாராளமாக. துணை ஏந்திப் பிடிக்கும் மெத்தையில் அடிப்பது, எறிதல் பயிற்சி, உடம்பில் மட்டும் படும் மெல்லிய ஸ்பாரிங் என்று அமைத்துக்கொண்டால் நாற்பதுகளிலும் நன்றாகப் போகும். மேலே சொன்ன நான்கு பாணிகளில் எதைப் பழகினாலும், மாதம் இருமுறை இப்படிப்பட்ட வகுப்பில் நின்று பார்ப்பது கற்றதற்கு உரைகல்.

## வகுப்பா, காணொளியா, சீனப் பயணமா

பாணியை முடிவு செய்தபின் வரும் அடுத்த குழப்பம் இது.

வகுப்பு கிடைக்கிறது என்றால் வகுப்புதான். காணொளியின் பயன் கற்றதை மறக்காமல் வைத்துக்கொள்வதில் இருக்கிறது. முதன்முதலாகக் கற்பதில் அது தோற்றுவிடும். உங்கள் தோள் ஏறியிருப்பதைத் திரை சொல்லாது. ஓராண்டு தனியாகப் பழகிவிட்டு வகுப்புக்கு வந்தவர்கள், அந்தப் பழக்கத்தை அழிக்கவே இன்னோர் ஆண்டு கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். வேறு வழியே இல்லாதவர்களுக்கு ஒரு யோசனை: தாய் சி, தான் துய் போன்ற தனியாள் பாடங்களை மட்டும் காணொளியில் தொடங்குங்கள். உங்களையே படம்பிடித்து நேரலையில் திருத்தக்கூடிய ஒருவரிடம் மாதம் ஒருமுறையாவது காட்டுங்கள். விங் சுன்னும் சான்டாவும் அந்த வழியில் வராது.

தனிப்பாடம் செலவு அதிகம் போலத் தோன்றும். முழங்கால், முதுகுத் தொல்லை உள்ளவர்களுக்கு முதல் இரண்டு மாதம் மட்டும் தனிப்பாடமும் பிறகு குழு வகுப்பும் என்று போவது கடைசியில் மிச்சம்.

ஷாவோலின் கோயிலை ஒட்டிய டெங்ஃபெங் நகரத்தில் பெரிய பெரிய குங்ஃபூ பள்ளிகள் இருக்கின்றன. வெளிநாட்டவர் தங்கிப் பயில்வதும் உண்டு. ஒரு மாதம் விடுப்பெடுத்துப் போய்வரலாமா என்று ஆசையோடு கேட்பவர்களுக்கு என் பதில்: மூன்றாம் ஆண்டில் போங்கள். வாரம் மூன்று மணி நேரம் பழகிய உடம்பைத் திடீரென்று நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் வேலை வாங்கினால், இரண்டாம் வாரம் அறையில் படுத்திருப்பீர்கள். விசா, விமானம், சம்பளமில்லா விடுப்பு, காப்பீடு எல்லாம் போட்டுப் பார்த்தால் உள்ளூரில் ஓராண்டுப் பயிற்சிக்கு மேல் ஆகும். அடிப்படை ஊறியபின் போனால், பத்து நாளில் கிடைக்கும் திருத்தமே பல வருடத்துக்குப் போதும்.

## மேல்நிலை எப்போது

பட்டையை நம்பி அளக்காதீர்கள். குங்ஃபூவில் நிறப்பட்டைகள் பழைய மரபு அல்ல. சீன வூஷு சங்கத்தின் ஒன்பது படி முறையே 1990களின் பிற்பகுதியில் வந்ததுதான். பள்ளிக்குப் பள்ளி பட்டையின் பொருள் மாறும். தேர்வுக் கட்டணமும் அடிக்கடி வந்தால் அதையும் செலவில் சேருங்கள்.

எனக்குத் தெரிந்த அடையாளங்கள் வேறு. முதல் நிலையில் மாஸ்டர் சொன்னதும் செய்வீர்கள். நடுநிலையில் செய்துவிட்டுத் தவறை நீங்களே கண்டுபிடிப்பீர்கள். மேல்நிலையில், செய்யும்போதே திருத்திக்கொள்வீர்கள், அதுவும் எதிரே ஒருவர் தள்ளிக்கொண்டிருக்கும்போது. வாரம் இருமுறை வகுப்பு, மற்ற நாட்களில் இருபது நிமிடம் என்று வருபவர்கள் மூன்றாம் நிலையின் வாசலுக்கு வர ஏழெட்டு வருடம் ஆவதைப் பார்க்கிறேன். 35இல் தொடங்கினால் 43. அப்போதும் தாய் சிக்காரருக்கு முன்னால் பல பத்தாண்டுகள் பாக்கி இருக்கும், சான்டாக்காரருக்கு அவ்வளவு இருக்காது. இரண்டையும் ஒரு வாழ்க்கையில் வரிசையாகச் செய்தவர்கள் உண்டு: முதலில் மோதல், ஐம்பதில் தாய் சி. எனக்கு மிகப் பிடித்த பாதை அதுதான்.

## போய்ப் பார்க்கும் நாளில்

இரண்டு பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புதியவர்களுக்கான இலவச வகுப்போடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். "மூன்று வருடமாகப் பழகுகிறவர்களின் வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அனுமதித்தால், அங்கே நாற்பதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அவர்களில் ஒருவரை வகுப்பு முடிந்து ஷூ மாட்டும்போது பிடித்து, கடைசியாக எப்போது காயம்பட்டது, அப்போது மாஸ்டர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். "வா, சரியாகிவிடும் என்றார்" என்பது ஒரு பதில். "ஒரு மாதம் கை வேலை மட்டும் கொடுத்தார்" என்பது இன்னொரு பதில். நானாக இருந்தால் இரண்டாவது பதில் வந்த இடத்தில், அது எந்தப் பாணியாக இருந்தாலும், அன்றைக்கே பெயர் கொடுத்துவிடுவேன்.